ஒரே கணுக்கால் நான்காவது தடவையும் பிரண்டுவிட்டது: ஓட்டத்தைத் தொடர வழியுண்டா?

கொக்குவிலான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 37. யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் வசிக்கிறேன்; காலை முதல் மாலை வரை கதிரையில் அமர்ந்து செய்யும் அலுவலக வேலை. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், இரத்தத்தில் சீனியின் அளவு எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று வைத்தியர் சொன்ன பிறகு நடக்கத் தொடங்கி, நடையிலிருந்து மெல்ல மெல்ல ஓட்டத்துக்கு வந்தவன் நான். போட்டிகளில் ஓடும் எண்ணம் என்றைக்கும் இருந்ததில்லை. கிழமைக்கு நான்கு நாட்கள், விடிவதற்கு முன்னர், ஐந்து முதல் எட்டுக் கிலோமீற்றர் வரை ஓடுவேன். வேலை நாட்களில் வீட்டைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளும் காங்கேசன்துறை வீதியும் எனக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் கோட்டையடிக்குப் போய், அங்கிருந்து பண்ணைத் தாம்போதியால் தீவுப்பக்கம் ஓடித் திரும்புவேன்.

இரண்டு ஆண்டுகளுக்குள் என் வலது கணுக்கால் நான்கு தடவை பிரண்டுவிட்டது. முதல் தடவை கார்த்திகை மழையில் நடந்தது. ஒழுங்கையில் தேங்கி நின்ற வெள்ளத்துக்குள் குழி இருப்பது தெரியாமல் காலை வைத்துவிட்டேன். பாதம் உட்பக்கமாக மடிந்து, வெளிப்புறத்து எலும்பைச் சுற்றிக் கோழிமுட்டை அளவுக்கு வீங்கியது. எக்ஸ்றே எடுத்துப் பார்த்து முறிவு இல்லை என்றார்கள். வலிமாத்திரையும் இறுக்கிச் சுற்றும் துணிப்பட்டியும் தந்து இரண்டு கிழமை ஓய்வெடுக்கச் சொன்னார்கள். வலி போனதும் ஓடத் தொடங்கினேன். அடுத்த ஆவணியில், பனைகளுக்குக் கீழே போகும் ஒழுங்கையில் ஒரு பனங்கொட்டையை மிதித்தேன். அப்போது வைத்தியசாலைக்குப் போகவில்லை. அம்மா நல்லெண்ணெய் சூடாக்கி உருவிவிட்டார். மூன்றாவது இந்தப் பங்குனியில், எதிரே வந்த பாரவூர்திக்கு ஒதுங்கி, தார்வீதியின் விளிம்பிலிருந்து கீழே கால் வைத்தபோது.

நான்காவது மூன்று கிழமைகளுக்கு முன்னர் நடந்தது. அதுதான் என்னை இங்கே எழுத வைத்திருக்கிறது. அன்று கல்லும் இல்லை, குழியும் இல்லை. வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. சமமான தார்வீதியில், களைப்புக்கூட இல்லாத இரண்டாவது கிலோமீற்றரில் கால் தானாகவே மடிந்தது. முதல் மூன்று தடவையும் குழியையும் கொட்டையையும் வாகனத்தையும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை சொல்வதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

வீக்கம் இப்போது பெரும்பாலும் வற்றிவிட்டது; நடக்கும்போது வலி இல்லை. ஆனால் படியிறங்கும்போது அந்தக் காலை நம்பி வைக்க மனம் துணிவதில்லை. வீட்டில் எல்லோரும் ஓட்டத்தை விட்டுவிடச் சொல்கிறார்கள். சீனியின் அளவு இறங்கியதும் இரவில் நன்றாக நித்திரை வருவதும் ஓட்டத்தால் என்பதால் அதை விட எனக்கு மனமில்லை. கணுக்காலுக்குக் காப்பு அணிந்தால் போதுமா, சப்பாத்தை மாற்ற வேண்டுமா, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டுமா, அல்லது உண்மையாகவே இந்தக் கால் இனி ஓட்டத்துக்கு உதவாதா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

நல்லூர் நடையர் எழுதியது:

தம்பி, வீட்டார் சொல்வதைக் கேட்பது நல்லது என்பதே என் கருத்து. நானும் உங்கள் வயதில் ஓடியவன். முழங்கால் நோவு வந்ததும் நடைக்கு மாறிவிட்டேன். நாள்தோறும் ஒரு மணித்தியாலம் வேகமாக நடந்தாலே சீனி கட்டுப்படும். சைக்கிள் ஓடினால் கணுக்காலுக்குப் பாரமே இல்லை. நான்கு தடவை பிரண்ட காலை ஐந்தாவது தடவையும் சோதிக்க வேண்டுமா என்று ஆறுதலாக யோசியுங்கள்.

இயன்மருத்துவர், திருநெல்வேலி எழுதியது:

வணக்கம் தம்பி. நடையும் சைக்கிளும் நல்ல பயிற்சிகள் என்று மேலே ஐயா எழுதியிருப்பது சரி. குணமாகும் காலத்தில் உங்களுக்கு அவை இரண்டும் தேவைப்படும். ஆனால் ஓட்டத்தை நிறுத்தினால் பிரச்சினை தீரும் என்பதை நான் ஏற்கவில்லை. ஓட்டத்தை விட்டாலும் கணுக்கால் உங்களோடுதான் இருக்கும். பேருந்துப் படியிலும் கிணற்றடியிலும் அது பிரளும். சமதரையில், களைப்பில்லாத வேளையில் கால் மடிந்தது என்று நீங்கள் எழுதிய இடத்திலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. உங்களுக்கு நான்கு தனித்தனி விபத்துகள் நடந்ததாக நான் நினைக்கவில்லை. முதல் விபத்து முழுமையாகக் குணமாகாமல் மூன்று தடவை திரும்பி வந்திருக்கிறது.

அதை விளக்குவதற்கு முன்னர் முறிவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதல் காயத்தின் எக்ஸ்றே பின்னர் வந்த காயங்களுக்குச் சாட்சி ஆகாது. கனடாவின் ஒட்டாவா நகரில் 1992 இல் வகுக்கப்பட்ட சில எளிய விதிகளை உலகமெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுத்துகிறார்கள். கணுக்காலின் இரு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்புகளின் நுனியிலும், அந்நுனியிலிருந்து 6 சென்ரிமீற்றர் உயரம் வரையுள்ள பின்விளிம்பிலும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பாதத்தின் வெளி விளிம்பில், சின்னவிரலுக்கும் குதிக்கும் நடுவே முட்டாகத் தட்டுப்படும் எலும்பையும், உட்புற வளைவின் மேலே உள்ள எலும்பையும் அவ்வாறே அழுத்த வேண்டும். இவற்றில் எந்த எலும்பிலாவது அழுத்தும்போது நோவு இருந்தாலோ, காயம்பட்ட உடனும் பரிசோதனையின் போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமல் இருந்தாலோ எக்ஸ்றே தேவை. உங்களுக்கு மூன்று கிழமைகள் கடந்துவிட்டாலும் இந்த இடங்களை இன்றைக்கே அழுத்திப் பாருங்கள்.

இனி, ஏன் திரும்பத் திரும்பப் பிரள்கிறது என்பதைப் பார்ப்போம். பாதம் உட்பக்கமாக மடியும்போது கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்பை எலும்போடு பிணைக்கும் மூன்று இணைப்பு நார்களில் முன்பக்கத்து நாரே பெரும்பாலும் முதலில் இழுபடும் அல்லது கிழியும். அந்த நார் ஒரு கயிறு மட்டும் அன்று. கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற செய்தியை மூளைக்கு அனுப்பும் நுண்ணிய நரம்பு முனைகளும் அதற்குள் இருக்கின்றன. நார் கிழியும்போது அந்த முனைகளும் சேதமடைகின்றன என்பதையும், ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சிகளால் அந்த உணர்வை மீட்க முடியும் என்பதையும் ஃப்ரீமன் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1965 இலேயே எழுதினார். பின்னர் வந்தவர்கள் அந்த விளக்கத்தை விரிவாக்கியிருக்கிறார்கள். தசையின் பலம், மூட்டின் அசைவு, மனத்தில் தங்கும் பயம் ஆகியவற்றையும் இன்று சேர்த்துப் பார்க்கிறோம். ஆனால் அடிப்படை மாறவில்லை. வலியும் வீக்கமும் இரண்டு மூன்று கிழமைகளில் போய்விடும். உணர்வு தானாகத் திரும்பி வருவதில்லை.

இதில் ஒரு நுட்பமான விடயம் உண்டு. கால் மடியத் தொடங்கிய பிறகு அதைத் தசை இழுத்துக் காப்பாற்றும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் மூளைக்குச் செய்தி போய், கெண்டைக்காலின் வெளிப்புறத் தசை சுருங்குவதற்குள் நார் இழுபட்டு முடிந்துவிடும். ஆரோக்கியமான கால் தப்பிப்பது, பாதம் நிலத்தைத் தொடும் முன்னரே அந்தத் தசை தயாராகிப் பாதத்தைச் சரியான கோணத்தில் பிடித்து வைத்திருப்பதால்தான். உங்கள் கால் அந்த முன்னேற்பாட்டை மறந்துவிட்டது என்பதே என் ஊகம். சமதரையிலும் அது மடிந்ததற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

மறந்ததைத் திரும்பப் பழக்க முடியும். நெதர்லாந்தில் கணுக்கால் சுளுக்கிய 522 விளையாட்டாளர்களைக் கொண்டு நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு வீட்டிலேயே செய்யும் சமநிலைப் பயிற்சியும் கொடுத்தார்கள்: கிழமைக்கு மூன்று தடவை, ஒரு தடவைக்கு அரை மணித்தியாலத்துக்கு மேற்படாமல், எட்டுக் கிழமைகள். ஓராண்டுக்குள் மீண்டும் சுளுக்கியவர்கள் பயிற்சி செய்யாத பிரிவில் 100 பேருக்கு 33 பேர், செய்த பிரிவில் 22 பேர். யாரும் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்யாமலே கிடைத்த பலன் இது. இருந்தும் எங்களிடம் வருபவர்களில் பலர், வலி நின்ற அன்றோடு வருவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த கவலை தரும் விடயம்.

நீங்கள் செய்ய வேண்டிய சோதனைகள் மூன்று. சுவருக்கு முன்னால் நின்று, குதி நிலத்திலிருந்து எழாமல் முழங்கால் சுவரைத் தொடும்வரை பாதத்தை எவ்வளவு பின்னே கொண்டுபோக முடிகிறது என்று பெருவிரலிலிருந்து சுவர் வரை அடிமட்டத்தால் அளவுங்கள். பின்னர் வெறுங்காலோடு ஒற்றைக்காலில் நின்று நேரத்தைக் குறியுங்கள். முதலில் கண்களைத் திறந்தும், பிறகு பக்கத்தில் பிடிக்க ஏதாவது இருக்கும்போது மூடியும். மூன்றாவது, ஒற்றைக்காலில் குதியை எத்தனை தடவை முழுவதுமாக உயர்த்த முடிகிறது என்று எண்ணுங்கள். எல்லாவற்றையும் இரண்டு கால்களிலும் செய்யுங்கள். உங்கள் இடது கால்தான் உங்களுக்குரிய அளவுகோல், மற்றவர்களின் எண்கள் தேவையில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. வாகனங்களைப் பார்த்தபடி வீதியின் வலது ஓரத்தால்தான் எப்போதும் ஓடுகிறீர்களா? பாதுகாப்புக்கு அதுவே சரி. ஆனால் மழைநீர் வடிவதற்காக எங்கள் வீதிகள் நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரிந்திருக்கும். வலது ஓரத்தில் ஓடுபவரின் வலது பாதத்துக்கு வெளிவிளிம்பு தாழ்ந்தும் உள்விளிம்பு உயர்ந்தும் இருக்கும். அதாவது, சுளுக்கும் திசையிலேயே பாதம் ஆயிரக்கணக்கான அடிகளுக்குச் சற்று மடிந்தபடி ஊன்றுகிறது. நான்கு தடவையும் வலது கால் என்று வாசித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு சகோதரி எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்தபோது என் கதையையே வாசிப்பது போலிருந்தது. எனக்கு இடது கால். பதினாறு வயதில் பாடசாலை வலைப்பந்தாட்டத்தில் முதலில் சுளுக்கியது. மாவட்டப் போட்டிக்கு முன்னர் வலி போனால் போதும் என்று இருந்தேன், போனது, விளையாடினேன். முப்பத்துநான்கு வயதில் ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கால் தன் பழைய கணக்கைக் காட்டியது. விடியப்புறம் நாய்கள் துரத்தும்போது சட்டென்று விலகித் திரும்பியதில் இரண்டு தடவை, கடற்கரை மணலிலிருந்து வீதிக்கு ஏறும்போது ஒரு தடவை.

இயன்மருத்துவர் சொல்லும் பயிற்சியை நான் செய்தேன். எப்படிச் செய்தேன் என்று சொன்னால் உங்களுக்கும் உதவக்கூடும். அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கினால் நான் நிச்சயம் விட்டுவிடுவேன் என்று தெரிந்ததால், காலையில் அடுப்பில் உலை வைத்ததும் குசினி வாசலில் நிலையருகே ஒற்றைக்காலில் நின்றுவிடுவேன். தேவைப்பட்டால் பிடிக்க நிலை இருக்கும். முதல் கிழமை குனிந்து என் பாதத்தைப் பார்த்தேன்: விரல்கள் ஐந்தும் சீமெந்துத் தரையைப் பிறாண்டிப் பிடித்துக்கொண்டிருந்தன, புறங்காலில் நரம்புகள் கம்பிகளாக எழும்பி இப்படியும் அப்படியும் இழுபட்டன, கணுக்கால் நடுங்கியது. வலது காலில் நிற்கும்போது அப்படி ஒன்றுமே இல்லை. இரண்டு பாதங்களும் ஒரே உடம்பில் இருப்பவை என்று நம்ப முடியாமல் இருந்தது. ஐந்தாவது கிழமையளவில் ஒரு நாள், உலை கொதித்து மூடி தட்டும் வரைக்கும் நின்றுவிட்டேன். குனிந்து பார்த்தால் விரல்கள் தரையில் அமைதியாகப் படுத்திருந்தன. அன்றைக்குத்தான் இந்தக் கால் மாறும் என்ற நம்பிக்கை வந்தது.

பிறகு அரிசிச் சாக்கை நான்காக மடித்து அதன்மேல் நின்றேன். பழைய சைக்கிள் ரியூபை வெட்டி, ஒரு முனையைக் கட்டில் காலில் கட்டி, மறுமுனையைப் பாதத்தில் மாட்டி, பாதத்தை வெளிப்பக்கமாக இழுக்கும் பயிற்சியையும் சேர்த்தேன். கடையில் விற்கும் பட்டிக்கு இது ஒன்றும் குறைந்ததில்லை.

சப்பாத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நோகாமல் இருக்கட்டும் என்று அடிப்பாகம் தடித்து மெத்தென்று இருக்கும் ஒன்றை வாங்கினேன். நடக்கச் சுகமாக இருந்தாலும், உயரமும் மென்மையும் சேர்ந்து கால் அதற்குள் ஆடியது. இப்போது அடி அகன்ற, உயரம் குறைந்த, அழுத்தினால் அதிகம் அமுங்காத ஒன்றை அணிகிறேன். உங்கள் பழைய சப்பாத்தைத் திருப்பி, குதிப்பக்கத்தின் வெளி விளிம்பு தேய்ந்து சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகக் கால் சுளுக்கி ஒன்றரை ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் கிழமைக்கு இரண்டு நாட்கள் உலைக்கு முன்னால் இன்னும் நிற்கிறேன்.

பழைய வைத்திய வீடு எழுதியது:

எங்கள் தாத்தா வலிகாமத்தில் முறிவு நெரிவு வைத்தியம் செய்தவர். எண்ணெய் போட்டு உருவியதைப் பற்றிய வரியை வாசித்ததும் எழுதத் தோன்றியது. சிறுவனாக அவருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தவரை, கால் வீங்கி வந்த ஒருவரை முதல் மூன்று நாட்களில் அவர் உருவியதில்லை. முதலில் எலும்பின்மேல் விரலால் ஊன்றி ஊன்றிப் பார்ப்பார்; சந்தேகம் இருந்தால் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவார். இல்லையென்றால் பத்துப் போட்டு, துணியால் கட்டி, காலை உயர்த்தி வைக்கச் சொல்வார். கட்டு அவிழ்த்த பிறகு கோயில் வெளிவீதி மணலில் வெறுங்காலோடு நாள்தோறும் நடக்கச் சொல்வார். அந்த நடை சிகிச்சையின் ஒரு பகுதி என்றும், கட்டு அவிழ்த்ததும் வைத்தியம் முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள் என்றும் வருத்தப்படுவார். வீட்டில் சூடான எண்ணெயைப் போட்டு அன்றைக்கே அழுத்தி உருவுவது எங்கள் வைத்தியத்தில் சொன்ன முறை இல்லை என்பதைத் தெளிவாகப் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

கொக்குவிலான் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சோதனைகளை நேற்றிரவு விறாந்தையில் செய்து பார்த்தேன். எலும்புகளை அழுத்தியபோது எங்கும் நோவு இல்லை. வெளிப்புற எலும்புக்குச் சற்று முன்னால் உள்ள மெதுவான இடத்தில் மட்டும் கொஞ்சம் நொந்தது. சுவர்ச் சோதனையில் இடது கால் 11 சென்ரிமீற்றர், வலது கால் 6. கண் திறந்தபடி இடது காலில் அரை நிமிடத்துக்கு மேல் நிற்க முடிந்தது. வலது காலில் 12 செக்கனில் மறுகாலை ஊன்றிவிட்டேன். கண்ணை மூடினால் வலது காலில் 3 செக்கன்கூட இல்லை. குதி உயர்த்துவதில் இடது 24, வலது 13. இரண்டு ஆண்டுகளாக இந்தக் காலோடுதான் ஓடியிருக்கிறேன் என்பதை எண்ணும்போது, இது ஏன் இன்னும் பல தடவை பிரளவில்லை என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

அக்கா சொன்னபடி சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தேன். வலது சப்பாத்தின் குதியில் வெளி விளிம்பு விரல் தடிப்புக்குத் தேய்ந்து சரிந்திருக்கிறது. இடதில் அப்படி இல்லை. வீதியின் வலது ஓரத்தால்தான் எப்போதும் ஓடுகிறேன், போகும்போதும் வரும்போதும். பண்ணையில் சோளகக் காற்றும் சேர்ந்து பக்கவாட்டில் தள்ளும்.

காப்பைப் பற்றியும், எப்போது திரும்ப ஓடலாம் என்பதைப் பற்றியும் சொல்லுவீர்களா? ஓட்டத்துக்கு முன்னர் டைக்ளோஃபெனாக் என்ற வலிமாத்திரை ஒன்று போட்டுக்கொள்ளும் பழக்கமும் எனக்கு இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

இயன்மருத்துவர், திருநெல்வேலி எழுதியது:

இவ்வளவு ஒழுங்காக அளந்து எழுதியதற்கு நன்றி தம்பி. மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். வலியை மறைத்துக்கொண்டு ஓடுவது, எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுவதற்குச் சமம். அதை இன்றோடு நிறுத்துங்கள். மழைக்காலம் வருகிறது, காய்ச்சல் இருக்கும்போது டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவற்றைத் தொடவே கூடாது, அது டெங்காக இருந்தால் இரத்தப்போக்கு ஆபத்தாகிவிடும்.

காயம்பட்ட காலை அசைக்காமல் ஐஸ் வைத்துப் படுத்திருப்பதுதான் சிகிச்சை என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978 இல் பிரபலமாக்கிய அமெரிக்க வைத்தியர் கேப் மிர்கின், நீண்ட ஓய்வும் தொடர்ச்சியான ஐஸும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பின்னாளில் தாமே எழுதித் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். முதல் ஓரிரு நாட்களுக்கு வலி தணிய ஐஸ் உதவும், துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். அதற்குமேல் குணமாக்குவது அளவான அசைவும் பாரமுமே. பழைய வைத்திய வீட்டுக்காரர் எழுதிய மணல் நடையை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் அதை உங்கள் நான்காவது, ஐந்தாவது கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே மணலில் இறங்க வேண்டாம்.

முதல் வேலை சுவர்ச் சோதனையில் உள்ள 5 சென்ரிமீற்றர் வித்தியாசத்தைக் குறைப்பது. அந்தச் சோதனையையே பயிற்சியாக, நாளுக்கு இரண்டு தடவை, ஒரு தடவைக்கு இருபது முறை, வலி வராத அளவுக்குச் செய்யுங்கள். கணுக்கால் முன்னோக்கி மடங்காவிட்டால் குதி முந்தி எழும்பிவிடும், பாதம் உறுதியாக ஊன்றும் நேரம் குறையும். அதோடு குதி உயர்த்துதல், ரியூப் பயிற்சி, ஒற்றைக்கால் நிலை ஆகியவற்றைக் கிழமைக்கு மூன்று நாட்கள் எட்டுக் கிழமைகளுக்குச் செய்யுங்கள். ஒற்றைக்காலில் நிற்பது எளிதானதும், மறுகாலின் பெருவிரலால் முன்னே, பக்கவாட்டில், பின்னே என்று எட்டித் தொடப் பழகுங்கள்; பிறகு சுவரில் பந்தை எறிந்து பிடியுங்கள். கவனம் காலில் இல்லாதபோதும் கால் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஓடும்போது நீங்கள் கணுக்காலை நினைத்துக்கொண்டு ஓடுவதில்லை அல்லவா.

ஓடத் தொடங்குவதற்குக் கலண்டரைப் பார்க்க வேண்டாம். அரை மணித்தியாலம் வேகமாக நடந்தும் மறுநாள் வீக்கம் இல்லாமல், குதி உயர்த்தும் எண்ணிக்கை இடது காலை நெருங்கி, வலது காலில் மட்டும் பத்துத் தடவை துள்ளித் தயங்காமல் இறங்கவும் முடிந்தால் தொடங்கலாம். மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று இருபது நிமிடங்களில் ஆரம்பியுங்கள். புல்தரை மெதுவானது என்று மைதானத்துக்கு ஓடிவிடாதீர்கள். புல்லுக்குள் குழி தெரியாது. வாகனம் இல்லாத நேரத்தில், சரிவில்லாத உறுதியான தரையே முதல் மாதத்துக்கு ஏற்றது. வீதியின் சரிவை மாற்றுவதற்காக வாகனங்களுக்கு முதுகைக் காட்டி ஓட வேண்டாம். அமைதியான உள்வீதியின் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள். தேய்ந்த சப்பாத்தை இனி அணிய வேண்டாம்.

காப்பு அணிவதை நான் ஆதரிக்கிறேன். முன்னர் சுளுக்கியவர்களுக்கு அது மீண்டும் சுளுக்குவதைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அணிந்தால் தசை பலவீனமாகிவிடும் என்ற பயத்துக்கு அப்படி ஆதாரம் இல்லை. காலுறைபோல இழுத்து மாட்டும் மெல்லிய இறப்பர் காப்பு மூட்டைப் பிடிக்காது. சப்பாத்தைப்போல நாடா கட்டி இறுக்கும் வகையை வாங்குங்கள். ஒட்டும் பட்டி ஒட்டுவதும் உதவும், ஆனால் ஓடி இருபது முப்பது நிமிடங்களில் அதன் பிடி தளர்ந்துவிடும். பயிற்சி முடிந்து சில மாதங்கள் வரை ஓடும்போது காப்பை அணியுங்கள்.

எம்.ஆர்.ஐ. இப்போது தேவையில்லை என்பது என் கருத்து. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மூட்டுக்குள் ஆழமாக நோவு இருந்தாலோ, மூட்டு இறுகிப் பூட்டுவது போல் இருந்தாலோ, வெளிப்புற எலும்புக்குப் பின்னால் ஏதோ நழுவிச் சொடுக்கினாலோ என்பியல் நிபுணரிடம் போய்க் காட்டுங்கள். குருத்தெலும்பிலோ தசைநாணிலோ காயம் இருக்கலாம். தளர்ந்த நாரைத் தைத்து இறுக்கும் சத்திரசிகிச்சையும் உண்டு. சுவீடன் நாட்டு வைத்தியர் புரோஸ்ட்ரோம் 1966 இல் விவரித்த அந்த முறையை, மாற்றங்களோடு இன்றும் செய்கிறார்கள். ஆனால் ஒரு நாள்கூட ஒழுங்கான பயிற்சி பெறாத காலுக்கு அதைப் பற்றிப் பேசுவது முறையல்ல. சீனி எல்லையில் இருந்தது என்றீர்கள். பாதத்தில் விறைப்போ எரிவோ இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், அது வேறு வகையில் உணர்வைக் கெடுக்கும்.

கொக்குவிலான் எழுதியது (பதின்மூன்று கிழமைகளுக்குப் பின்னர்):

நலம் விசாரித்துச் செய்தி அனுப்பியவர்களுக்காக எழுதுகிறேன். சுவர்ச் சோதனையில் வலது கால் இப்போது 10 சென்ரிமீற்றர். குதி உயர்த்துவது 22. கண் திறந்தபடி இரண்டு கால்களிலும் வித்தியாசம் தெரியவில்லை. கண்ணை மூடினால் வலது கால் இன்னும் பின்தங்கித்தான் நிற்கிறது, 8 செக்கன். பாதத்தில் விறைப்பு ஒன்றும் இல்லை. பத்தாவது கிழமையில் நாடாக் காப்போடு ஓட்டமும் நடையுமாகத் தொடங்கி, நேற்றுக் காலை இடையில் நிற்காமல் மூன்று கிலோமீற்றர் ஓடினேன். மழை விட்டிருந்தது, ஆனாலும் தண்ணீர் நின்ற ஒழுங்கைகளுக்குள் போகாமல், உள்வீதி ஒன்றின் நடுவால், ஒரே நீளத்தில் ஆறு தடவை போய் வந்தேன். அம்மா படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பண்ணைப் பக்கம் இன்னும் போகவில்லை. கண் மூடி நிற்பதில் இரண்டு காலும் நெருங்கிய பிறகு போகலாம் என்று வைத்திருக்கிறேன். அது சரியான அளவுகோலா, அல்லது துள்ளும் சோதனையே போதுமா என்பதை இயன்மருத்துவர் அவர்கள் நேரம் கிடைக்கும்போது சொன்னால் நல்லது.